நீலமேகம் சாரின் இடுப்பு வலி

கோட்டுச்சேரிப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் நீலமேகத்துக்கு வலி விதைப்பையில், இடது பக்கம். ஊருக்கு அவர் சொன்னது இடுப்பு. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. காரைக்காலில் நூர் அகமது டாக்டரிடம் சீட்டு எழுதும் கமலாம்பாள் வாத்தியாரிடம் படித்தவள். "சாருக்கு என்ன செய்யுது?" என்று வாசல்வரை கேட்கும்படி கேட்டாள். பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் படிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள். எந்த ஆண்பிள்ளை வாயைத் திறப்பான்?

சீட்டில் இடுப்பு என்று ஏறிவிட்டது. விடைத்தாளில் ஒரு புள்ளி விட்டாலும் சிவப்பு மையால் சுழிக்கிற மனுஷர், இதை மட்டும் திருத்தவில்லை. டாக்டர் இடுப்பைத் தட்டிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், பெல்ட் எழுதிக் கொடுத்தார். வீட்டில் மனைவி தையல்நாயகி தினமும் சாயங்காலம் நல்லெண்ணெய் காய்ச்சி இடுப்பில் தேய்த்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழு, எழுபத்தெட்டு என்று இரண்டு வருஷம் ஓடியது. வலி இருந்த இடத்திலேயே சௌக்கியமாக இருந்தது.

பாவம், அவர் புற்றுநோய் என்று தானே முடிவு கட்டிவிட்டார். வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று மனைவிக்கு மூன்று தடவை காட்டினார்.

மூன்றாவது தடவை காட்டிய மறுநாளே தையல்நாயகி அவரைப் பஸ் ஏற்றிக் கொண்டுவந்து டாக்டர் முன்னால் உட்கார வைத்தாள். கதவைச் சாத்தினாள்.

"இவருக்கு இடுப்புல ஒண்ணுமில்லீங்க டாக்டர். இடுப்பு வலிக்கு யாராச்சும் பத்திரத்தை எடுத்துக் காட்டுவாங்களா? வலி கீழதான். அவரா சொல்லட்டும்னு ரெண்டு வருஷம் தேய்ச்சுப் பாத்துட்டேன்."

சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

டாக்டர் அவரை நிற்க வைத்து, இரும வைத்து, கையால் தொட்டுப் பார்த்தார். கட்டி எதுவும் இல்லை, புற்றுநோயும் இல்லை என்றார். நாள் முழுக்கக் கரும்பலகை முன்னால் நிற்பதால் ரத்தம் கீழே தேங்குகிறது, ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டிருக்கிறது. லங்கோடு இறுக்கிக் கட்ட வேண்டும், பாடத்தை நாற்காலியில் உட்கார்ந்து நடத்த வேண்டும். அதற்கும் கேட்காவிட்டால் சின்னதாக ஓர் ஆபரேஷன். வாத்தியார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார்.

திரும்பும் பஸ்ஸில் தையல்நாயகி அவரைப் பார்க்காமலே கேட்டாள்.

"அப்ப இனிமே எண்ணெய் காய்ச்ச வேணாம்ல?"

அவர் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"காய்ச்சு. இடுப்புக்கு நல்லாத்தான் இருந்துச்சு."