பாணுக்கு ஆர் டூட்டிங் வாறது?

இரண்டு மணிக்கு ஆசிரியப் பயிற்சிக்கான நேர்முகம். பதினொரு மணிக்குச் சுவர்ணா தெற்கு லண்டனில், டூட்டிங்கில், றூபினியின் பார்லரில், கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். றூபினி அவளுடைய கணவரின் தங்கை. நூலின் நுனியைப் பல்லில் கடித்துப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தது பக்கத்து நாற்காலியில் இருந்த வாடிக்கையாளர், நாகேஸ்வரி அக்கா. தலையில் பூசிய சாயம் பிடிக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. மடியில், ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் விளக்கமுமாகச் சுவர்ணா எழுதிய ஐம்பது புவியியல் அட்டைகள்.

"நாலாவது. வானிலையாலழிதல்."

"பாறை நிண்ட இடத்திலேயே உடையிறது."

"ஐஞ்சு. அரிப்பு."

"காற்றோ தண்ணியோ பாறையைத் தேய்ச்சு அள்ளிக்கொண்டு போறது."

றூபினி நூலை விட்டாள். "அப்ப நான் செய்யிறது அரிப்பு."

"உம்மட தலைப்பொடுகு நாலாவது," என்றார் நாகேஸ்வரி. "ஆறு."

சுவர்ணா பிழை விடவில்லை. ஊர் ரியூசனில் பழகிய முறை. ஒன்றிலிருந்து ஐம்பது வரை, ஒழுங்கு மாறாமல் பாடமாக்குவது. பதினேழில் நாகேஸ்வரி தும்மினார். அட்டைகள் தரையில் கொட்டின. அவற்றில் இலக்கம் எழுதியிருக்கவில்லை.

நாகேஸ்வரி கைக்கு வந்ததை எடுத்தார். "குடிசன அடர்த்தி."

சுவர்ணா விரல்களில் எண்ணிப் பார்த்தாள்.

"அது முப்பத்தொண்டு அக்கா. முப்பதைக் கேளுங்கோ, தானா வரும்."

றூபினி சிரித்தாள். சுவர்ணா சிரிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்தாள்.

"நேர்முகத்தில அவை ஒழுங்காக் கேப்பினமே?"

நாகேஸ்வரி அட்டைகளைப் பொறுக்கினார். சுவர்ணா ஒன்பது வருடம் பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை செய்துகொண்டே பட்டம் முடித்தவள். ஆசிரியப் பயிற்சிக்கு இன்று இடம் கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வருடம். வயது நாற்பத்துமூன்று.

"சேவை எல்லை," என்று நாகேஸ்வரி மெல்ல வாசித்தார். "இதெண்டாலும்?"

"தெரியாது." சுவர்ணாவுக்குக் கோபம் வந்தது. "நீங்கள் ஏன் வடக்கு லண்டனில, எட்மண்டனில இருந்து இங்க வாறீங்கள்? அங்க பார்லர் இல்லையோ?"

"பத்து இருக்கு. எனக்கு றூபினியின்ர கைதான் வேணும். மூண்டு ரெயின் மாறினாலும் வருவன்."

"பாணுக்கும் வருவீங்களோ?" என்றாள் சுவர்ணா.

"விசரே? பாணுக்கு ஆர் டூட்டிங் வாறது? வீட்டு மூலையிலயே பேக்கரி."

"கலியாணச் சாறிக்கு?"

"அதுக்கு லண்டன் முழுக்கச் சுத்துவன்."

சுவர்ணா அட்டையை வாங்கித் திருப்பினாள். ஒரு பொருளுக்காக மக்கள் எவ்வளவு தூரம் வரத் தயாரோ, அதுதான் அதன் சேவை எல்லை.

"ஐயோ அக்கா, இந்த அட்டை நீங்கள்தான்."

"நான் ஆராகவும் இருந்திட்டுப் போறன். முதல் தலையைக் கழுவிவிடுங்கோ, எரியுது."

றூபினி தலையைக் கழுவினாள், சுவர்ணாவின் மற்றப் புருவத்தையும் முடித்தாள். மிச்ச அட்டைகளை யாரும் அடுக்கவில்லை.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். முதல் கேள்வியே ஐம்பதுக்குள் இல்லை. கடைகள் ஏன் சில தெருக்களில் மட்டும் கூடுகின்றன? எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். பிள்ளைகளாக நடிப்பது அந்த மூவரும்தான்.

சுவர்ணா மனதுக்குள் ஒன்றிலிருந்து தேடத் தொடங்கினாள். நிறுத்தினாள்.

"முடி வெட்ட எவ்வளவு தூரம் போவீர்கள்?" என்று கேட்டாள்.

மூவரில் தாடிக்காரர் ஒரு மணி நேரம் பயணம் செய்து குரொய்டன் வரை போவாராம். நடுவில் இருந்த பெண் அது பைத்தியக்காரத்தனம் என்றார். பாலுக்கு? தெருமுனை. மூன்றாமவரின் பல் வைத்தியர் லண்டனுக்கும் வெளியே, லூட்டனில் இருந்தார். லூட்டனிலா என்று மற்ற இருவரும் கேட்டார்கள். நல்லவர், வலிக்காது என்றார் அவர். அப்படியானால் விலாசம் தாருங்கள் என்றார் தாடிக்காரர். மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

சுவர்ணா பொறுத்துப் பார்த்தாள். பிறகு மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஒவ்வொருவராக. கையை உயர்த்துங்கள்."

அறை அடங்கியது. தான் எங்கே இருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. முகம் சுட்டது.

மூன்று கைகள் உயர்ந்தன.

"சொல்லுங்கள்," என்றாள், நடுவில் இருந்த பெண்ணைப் பார்த்து. வேறு வழியில்லை.

முடிவைக் கடிதத்தில்தான் அறிவிக்க வேண்டும், அதுதான் விதி, என்றார் அந்தப் பெண். பிறகு, பயிற்சி தொடங்குவது செப்டம்பரின் முதல் திங்கட்கிழமை, வர முடியுமா என்று கேட்டார்.

முடியும் என்றாள் சுவர்ணா. மற்ற இருவரும் இன்னும் கையை இறக்கவில்லை.