முத்தாயி கழற்றி வைத்த கண்ணாடி

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வந்த அவசரகாலச் சட்டத்தைக் காட்டி, காட்டோரம் இருந்த முத்தாயியின் மரவீட்டைப் பிரித்துப் போட்டார்கள். மலாக்காப் பக்கத்துச் செலண்டாருக்கு அப்பால் முள்வேலிக்குள் எழுப்பிய புதுச் செங்கல் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், அவளைக் குடிவைத்தார்கள். சுவர் உலருமுன் ஆட்களைக் குடியேற்றிய அந்த அவசரத்தை நான் இன்றும் மன்னிக்கவில்லை. ஆண்டு முடியுமுன் சுமத்திராப் பக்கம் பூமி அசைந்தது. அவள் வீட்டுச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியது.

வெறும் பூச்சுதான் வெடித்திருக்கிறது என்றார் தோட்டத்துத் துரை, சுவரைத் தொட்டும் பாராமல். தோட்டப் பள்ளி ஆசிரியனாகிய எனக்குப் பொறுக்கவில்லை. மலாக்காவுக்குச் சென்று, மராமத்து இலாகாவில் பணிபுரிந்த கனகரட்ணத்தை அழைத்து வந்தேன்.

யாழ்ப்பாணத்துக்காரரான அவர் சுவரின் மூலைகளைத் தட்டிப் பார்த்தார்; தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். பிறகு விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை வைத்து, இரு முனைகளையும் சிமெண்டால் ஒட்டினார்.

“சுவர் இன்னும் விலகினால் இது உடையும். உடைஞ்சால் இந்த லயத்தில ஒருத்தரும் இருக்கேலாது.”

“அப்புறம் எங்களை எங்கய்யா ஏத்துவாங்க?”

கேட்ட முத்தாயிக்குத் தெரியும்: மறுபடியும் லாரி, மறுபடியும் சட்டி பானை, எந்த வேலிக்குள் என்று தெரியாத பயணம்.

பொங்கல் கழிந்த மறுநாள் பூமி மீண்டும் அசைந்தது. கொடியில் கிடந்த துணிகள் ஆட, லயத்தார் வெளியே ஓடிவந்தார்கள். அன்று மாலையே கனகரட்ணம் வந்தார். சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. கண்ணாடியைக் காணவில்லை.

“ஆர் இதைக் கழட்டினது?”

“நாந்தாங்கய்யா.” முத்தாயி அரிசிப் பானைக்குள் கைவிட்டு, துணியில் சுற்றிய கண்ணாடியை எடுத்து நீட்டினாள். “உடைஞ்சா வீடு போயிரும்னீங்க. பத்திரமா வச்சிருக்கேன். ஒரு கீறல் இல்ல, பாருங்க!”

“அரிசிக்குள்ள கிடந்தால் பூமி பிளந்தாலும் உடையாது! இனி எதை வைச்சு நான் சொல்லுறது?”

“கண்ணாடிக்குப் பொட்டுகூட வச்சிருக்காய்யா இவ!” என்றாள் பக்கத்து வீட்டு இருசம்மாள்.

கனகரட்ணம் சுவரை முறைத்தார். “சுண்ணாம்பு எப்ப அடிச்சது?”

“பொங்கலுக்கு முந்தி. வெடிப்புக்குள்ள கெட்டியா அடைச்சு மேல பூசினேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்காம இருக்க முடியுமாங்க?”

அவர் கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, விரிசல் இருந்த தடம் நெடுகிலும் விரல்நகத்தால் தடவினார். உச்சியைப் பார்க்க முக்காலி கேட்டு வாங்கி ஏறினார். லயம் முழுவதும் வாசலில் நின்றது.

“காய்ஞ்ச சுண்ணாம்பு முட்டைக்கோது மாதிரி. நேற்றுவரை பூமி அசையேல்லை, இது வெடிக்காததில புதினமில்லை. இண்டைக்கு அந்த ஆட்டத்தில சுவர் நூலளவு விலகியிருந்தாலும் இது வெடிச்சிருக்கும், வெடிக்கேல்லை. தகரக் கூரை, பாரமுமில்லை. மூலைகளுக்கு இரும்புப் பட்டை போடச் சொல்லி எழுதுறன். நீங்கள் இருக்கலாம், அம்மா.”

துரை அந்தப் பட்டைகளைப் போடும்வரை நான் அவரை விடவில்லை என்பது வேறு கதை.

விரிசல் விழுந்த நாளிலிருந்து அந்தச் சுவரில் சாயப் பயந்த முத்தாயி, அதிலேயே முதுகைச் சாய்த்துக் கால் நீட்டி உட்கார்ந்தாள். பிறகு திடுக்கிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள்.

“கவர்மெண்டு சாமானாச்சே. பொட்டை அழிச்சுத் தரட்டுங்களா?”

“வேண்டாம், அப்பிடியே தாங்கோ” என்று சிமெண்டைக் குழைத்தார் கனகரட்ணம். “ஆனால் இந்த முறை சுவரிலேயே இருக்கட்டும்.”