ஊடையா, ஊடலா

மெல்லிய குரலில் பாடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்கள் மேல் பகை ஒன்றும் இல்லை. நான் வேலை பார்ப்பது செல்லூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தில். பன்னிரண்டு தறி ஒன்றாக ஓடும்போதும் காதில் விழுகிறதே, அதுதான் எனக்குக் குரல். திருவிழா மேடைகளில் பாடும் இருளாயியின் குரல் விழும். அந்தம்மாள் கட்டைக்குரலில் இழுத்தால் தறிச்சத்தமே கொஞ்சம் ஒதுங்கி வழிவிடும். அவருக்கு அடுத்து காசிமாயன்.

காலையில் சாமி பாட்டு, பத்து மணிக்கு மேல் குத்துப்பாட்டு, சாப்பிட்டுக் கண் சொக்குகிற நேரத்துக்கு இருளாயி, காசிமாயன். கூடத்து ஸ்பீக்கருக்கு இந்த வரிசையை வகுத்தவள் நான். யாராவது மாற்றினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பாண்டீஸ்வரி என்ற என் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான். மற்றபடி எல்லாருக்கும் நான் 'பாட்டுப் பொட்டி'.

என் எதிர்த்தறி தாமரைச்செல்வி. பதினோரு வருடமாக எதிரும் புதிருமாக நிற்கிறோம். அந்த இரைச்சலில் பேச்சு கேட்காது. உதட்டைப் பார்த்தே ஊர்க்கதை முழுவதும் பேசிவிடுவோம். பாட்டும் அப்படித்தான். நான் உதட்டை அசைப்பேன், அவளும் சேர்ந்து அசைப்பாள்.

சண்டை வந்தது காசிமாயன் பாட்டால். "ஊடை விட்டு வாடி புள்ள" என்று அவர் பாடுகிறார் என்பது என் கட்சி. ஊடை என்றால் தறியில் குறுக்கே ஓடுகிற நூல். வேலை கிடக்கட்டும், ஊடையை விட்டுவிட்டு வா என்று பாட்டில் வருகிறவன் தன் காதலியைக் கூப்பிடுகிறான். எங்களுக்காகவே கட்டிய பாட்டு என்று பூரித்துப் போயிருந்தேன்.

ஒருநாள் டீக்கடையில் தாமரை சொன்னாள், "அது ஊடை இல்லடி, ஊடல். கோவத்த விட்டுட்டு வாங்கிறான்."

"இத்தன நாளா எங்கூட ஊடைன்னுதானடி பாடுன?"

"நான் ஊடல்னுதேன் பாடுனேன். நீயா ஊடைன்னு நெனச்சுக்கிட்ட."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "பாட்டப் பத்தி எனக்கே சொல்ல வந்துட்டியா? செவிட்டுக் காத வச்சுக்கிட்டு ஒனக்கு என்னடி தெரியும்" என்று சொல்லிவிட்டேன்.

தறிச்சத்தத்தில் அவளுக்கு இடது காது மந்தமாகிப் போயிருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மூன்று வாரம் பேச்சில்லை. எதிரேதான் நிற்பாள், உதடு மூடியே இருக்கும். பாட்டு ஓடும், எனக்கு ஒன்றும் ருசிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. ஊடைதான் சரி என்று ஊரறிய நிரூபித்துவிட்டால் அவளாக இறங்கி வருவாள் என்று நினைத்தேன். வறட்டுக் கௌரவம், வேறென்ன.

எங்கள் தெரு அம்மன் பொங்கலுக்குக் காசிமாயன் கச்சேரி வைத்தார்கள். சாயங்காலமே போய், 'ஊடை விட்டு வாடி புள்ள பாட்டைப் பாடவும், இப்படிக்குப் பாண்டீஸ்வரி' என்று துண்டுச்சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பினேன். தாமரை நாலு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

காசிமாயன் சீட்டை மைக்கில் படித்துவிட்டுச் சிரித்தார். "ஊடையா? நான் அப்படிப் பாடலையே தாயி. அது ஊடல்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்போது முன்னாலிருந்து தாமரை எழுந்தாள். போச்சு, இனி இவள் வேறு ஆரம்பிப்பாள் என்று நினைத்தேன்.

"அண்ணே, தறிக்காரவுகளுக்கு அது ஊடைன்னுதேன் கேக்கும்" என்றாள் சத்தமாக. "எனக்கும் அப்படித்தேன் கேட்டுச்சு. எனக்கு ஒரு காது வேற கொஞ்சம் மந்தம்."

ஊர் முன்னால் அவளே சொல்லிவிட்டாள், எனக்காக. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகை வந்துவிட்டது. காசிமாயன், "அப்ப இன்னைக்கு ஊடைன்னே பாடிருவோம்" என்று எடுத்தார். அந்தப் பாட்டில் பாதி என் காதில் ஏறவே இல்லை.

மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்து ஸ்பீக்கரில் அதே பாட்டு. அந்த வரி வந்தபோது அவளுக்குத் தெரியும்படி வாயை நன்றாகத் திறந்து "ஊடல்" என்று பாடினேன். அதே நேரத்தில் அவளும் எனக்குத் தெரியும்படி உதட்டை அகல இழுத்து "ஊடை" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"மன்னிச்சிருடி" என்று உதட்டை அசைத்தேன்.

அவள் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, "என்னது? கேக்கல" என்று உதட்டை அசைத்தாள்.

கழுதை, நன்றாகவே புரிந்துகொண்டுதான் கேட்கிறாள். தறியை நிறுத்தினேன். அவள் பக்கம் போய், வலது காதோரம் குனிந்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னேன்.