தூக்கச் சொன்னால் தூக்கும் கை

இனி நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. என் இரண்டு கண்கள் மேல் சத்தியம். மாரியம்மன் மேல் சத்தியம். அதுவும் போதாது என்பவர்களுக்காக வெள்ளைக்கார மகாராணி மேலும் சத்தியம். இது அந்த அம்மாள் காலமாவதற்கு முந்தின வருடம் நடந்தது. ஆகவே சத்தியம் செல்லும்.

தங்க வயலில், சுரங்கக் கூலிகளின் மூங்கில் தட்டிக் குடிசைகள் வரிசையாக நிற்கும் தட்டி லைனில், என் குடிசைக்கு அடுத்த குடிசை சகாயத்துடையது. வேலூர்ப் பக்கத்து ஆள். சுரங்கத்துக்குள் பாறையில் துளை போடுகிற வேலை. ஒருநாள் கீழே சுரங்கத் தளத்தில் மேற்பாறை சரிந்து அவர் வலது தோளில் விழுந்தது. உயிர் தப்பியது, கை தப்பவில்லை. கொடியில் போட்ட ஈரத்துணி மாதிரி தொங்கியது. ஈ உட்கார்ந்தால்கூட விரட்டாது. இடது கையால் சாப்பிட மனிதர் ஒப்பவில்லை. மனைவி மரியகுழந்தை களியை உருட்டி வாயில் போட்டால்தான் சாப்பாடு.

அடிபட்டவனுக்கு மேலேயே உட்கார்ந்து கல் பொறுக்குகிற வேலை உண்டு, ‘இவனால் கீழே இறங்க முடியாது’ என்று டாக்டர் துரை எழுதிக் கொடுத்தால். எழுதாவிட்டால் அடுத்த ஷிப்டுக்கே சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜில், அந்த இரும்புக் கூண்டில், ஏற வேண்டும். இறங்கியும் வேலை செய்யாதவன் குடிசையைக் காலி செய்ய வேண்டும். பஞ்சத்தில் எல்லாவற்றையும் விட்டு வந்தவர் சகாயம். திரும்பிப் போய் நிற்க ஊரில் ஒரு கூரை இல்லை.

டாக்டர் துரையைப் பார்க்கப் புருஷன் பெண்டாட்டியோடு துணைக்கு நானும் போனேன். துரைக்குத் தமிழ் வராது. கம்பவுண்டர் டக்ளஸ்தான் மொழிபெயர்ப்பு. டக்ளஸ் அதற்கு முன் சோதனைக் கொட்டகையில் எழுத்தராக இருந்தவர். சுரங்கத்திலிருந்து மேலே வருகிற எங்களை நேரே வீட்டுக்கு விட மாட்டார்கள். கோவணத்தோடு அந்தக் கொட்டகையில் நிறுத்தி, "தூக்கு!" என்பான் காவல்காரன். இரண்டு கையையும் தூக்கி, விரலை விரித்து நிற்க வேண்டும். தங்கத்துணுக்கு எதையாவது மறைத்திருக்கிறோமா என்று அக்குள், வாய், குடுமி எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு "போ!" என்பான். அப்புறம்தான் கை இறங்கலாம். டக்ளஸ் தமிழ் படித்த பள்ளிக்கூடம் அதுதான்.

துரை சகாயத்தின் கையில் ஊசியால் குத்தினார். கையில் ரத்தம் வந்தது, முகத்தில் ஒரு சுளிப்பு வரவில்லை. மெழுகுவத்தியைக் காட்டினார். ரோமம் கருகியது, கை நகரவில்லை. துரைக்கே மனது இளகி, பேனாவை மையில் தோய்த்துவிட்டார். மரியகுழந்தை சிலுவை போட்டுக்கொண்டாள். கடைசியாக ஒரு பேச்சுக்கு, கையைத் தூக்கச் சொல் என்றார் துரை.

டக்ளஸ் தனக்குத் தெரிந்த தமிழில் அதட்டினார்: "தூக்கு!"

கை எழுந்தது. தலைக்கு மேலே, நெட்டாக, ஐந்து விரலும் விரிந்து நின்றது.

வீட்டுக்குள் புகுந்துவிட்ட அந்நியனைப் பார்ப்பதுபோல் சகாயம் அதைப் பார்த்தார். "நான் தூக்கல துரே! அதுவா போவுது!"

"இறக்கு ணா" என்று காதில் சொன்னேன்.

"இன்னாத்த இறக்குறது? எம்பேச்சக் கேக்க மாட்டேங்குதுடா!"

டக்ளஸ் "போ!" என்றார். கை பொத்தென்று விழுந்தது.

துரை பேனாவைத் துடைக்கப் போனார். மரியகுழந்தை முன்னால் வந்தாள். "துரே, தூக்குறது ஒரு பெரிசா? அந்தக் கையில ஒரு சாமான் குடுத்துப் பாருங்க!" மேஜை மேலிருந்த உருட்டுக்கோலை அவளே எடுத்துச் சகாயத்தின் வலது கையில் வைத்தாள். விரல் மூடவில்லை; கோல் உருண்டு துரையின் பூட்ஸில் போய் முட்டியது. "பாத்தீங்களா? விரிச்சிக் காட்டித்தான் அதுக்குப் பழக்கம்."

டக்ளஸ் துரையிடம் பேசிவிட்டுச் சொன்னார்: "தூக்கறானா, தூக்கலியா? துரைக்கு அது மட்டும்தான் வேணும்."

"அப்போ ஊட்டுக்கு ஒரு காவல்காரன அனுப்பச் சொல்லுங்க. வேளாவேளைக்கு வந்து கத்தட்டும், இவரு களி துன்னட்டும்."

இதை டக்ளஸ் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அவள் துரையின் காலில் விழுந்தது எந்த மொழியிலும் புரிந்தது. திங்கட்கிழமை இன்னொரு தடவை பார்க்கலாம் என்றார் துரை.

அந்த வாரம் முழுக்க லைனே அந்தக் கைக்குப் பாடம் நடத்தியது. போகிறவன் வருகிறவனெல்லாம் வாசலில் நின்று "தூக்கு!" என்று கத்துவான். முதலில் ஒவ்வொருவருக்கும் எழுந்தது. மரியகுழந்தை அதைத் தடவிக் கொடுத்து, "அவங்க நம்மாளுங்க, பயப்படாத" என்று குழந்தையிடம் சொல்வதுபோல் சொல்வாள். மெல்ல மெல்லக் கைக்குப் புத்தி வந்தது. சனிக்கிழமை என் குரலுக்கு முழங்கை வரைக்கும்தான் எழுந்தது. ஞாயிறு பூசை முடிந்து சாமியாரே சொல்லிப் பார்த்தார், சுண்டுவிரல் மட்டும் துடித்தது. "ஜெயிச்சிட்டோம்டா" என்றார் சகாயம். அன்று ராத்திரி அவர் தூங்கவில்லை. கையைத் தொடைக்கடியில் போட்டு அமுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை துரையின் அறையில் டக்ளஸோடு இன்னொருவரும் நின்றார். கொட்டகைக் காவல்காரர் ராஜப்பா. இத்தனை வருடம் எங்களைத் தடவியவர் அவர்தான்.

சகாயம் ஓர் அடி பின்னால் போனார். "ராஜப்பா, வேணாம்யா. உம்புள்ள குட்டிங்க நல்லா இருக்கும்."

ராஜப்பா துரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "இன்னா பண்ணச் சொல்ற? எனுக்கும் ஊடு அவங்க குடுத்ததுதானே." அதட்டுவதற்கே பிறந்த அந்தத் தொண்டையிலிருந்து மூச்சு மாதிரி ஒரு சத்தம் வந்தது. "தூக்குப்பா."

சகாயம் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தார். மரியகுழந்தையும் தொங்கினாள். நானும் பிடித்தேன். எங்கள் மூன்று பேரையும் குதிகால் தரையை விட்டு எழும்புகிற அளவுக்குத் தூக்கிக்கொண்டு அந்தக் கை மேலே போனது.

துரை அதைப் பார்த்துப் பிரமித்துப்போய், மூன்று ஆள் பலம் உள்ள கை என்று எழுதினார்.

சகாயம் மறுநாள் கேஜில் இறங்கினார். மேஸ்திரி துளை போடும் உளியைக் கொடுத்தால் அது நழுவிக் கீழே விழும். பக்கத்தில் சம்மட்டி பிடித்தவன், "இவரு கைய நசுக்கின பாவம் எனுக்கு வேணாம்" என்று ஓங்கிய சம்மட்டியை இறக்கிவிட்டான். ஷிப்டு முடிந்தால் மேலே வந்து கொட்டகையில் நிற்பார். அங்கே மட்டும் கை ஒழுங்காக வேலை செய்தது. வேலை செய்ய மறுக்கிறான் என்று அந்த மாதமே பேரை அடித்துவிட்டார்கள். அவர்கள் சட்டி பானையை எடுத்து வெளியே வைப்பதற்குள் அடுத்த குடும்பம் வாசலில் வந்து நின்றது. மரியகுழந்தை தலையில் மூட்டை, சகாயத்தின் இடது தோளில் பாய். பௌரிங்பேட்டை ரோட்டில் போனார்கள்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன், இதுவும் சத்தியம்: பாறை விழுந்த அன்றைக்கே அந்த வலது கையைத் தோளோடு வெட்டி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் புதைத்துவிட்டிருந்தார்கள்.