மேற்குக் காற்று

தமிழ் வாத்தியாரின் மூக்குக்கு அந்தத் தெருவே பயந்தது. பக்கத்து வீட்டில் பால் அடிப்பிடிக்கும் முன்பே "அடுப்பை அணைங்க!" என்று குரல் கொடுக்க வைக்கிற மூக்கு அது. அவர் ஓய்வு பெற்ற பிறகு அதற்கு வேலை கூடிவிட்டது. பால்பண்ணைக்காரியின் வயலை ஒட்டிய முதல் வீடு அவருடையது.

வயலில் சாணிக் கரைசல் தெளித்து நாறடிக்கிறார்கள் என்று நகராட்சிக்கு ஏற்கெனவே இரண்டு புகார் எழுதியிருந்தார். இரண்டிலும் ஓர் ஒற்றுப்பிழைகூடக் கிடையாது. மூன்றாவது வந்தால் அந்த வயலில் இனி சாணியே போடக்கூடாது என்று நகராட்சி சொல்லிவிட்டது. நாற்பது மாட்டுச் சாணியை வேறெங்கே கொட்டுவது? பாதி மாடுகளை விற்க வேண்டியதுதான். எந்தப் பாதி என்று யோசிக்கும்போதே அவளுக்கு அழுகை வந்தது.

அதனால் இந்த முறை நகராட்சி ஆய்வாளர் சொன்னதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். வானத்தைப் பார்த்துப் பீய்ச்சியடிக்கும் பழைய தெளிப்பானைக் கழற்றிவிட்டு, கரைசலைத் தரையோடு தரையாக வடிய விடும் குழாய் வரிசையைக் கூட்டுறவுச் சங்கத்தில் இரவல் வாங்கினாள். மேகமூட்டமான நாளுக்காக ஒரு வாரம் காத்திருந்தாள். எல்லாம் தெளித்தானதும் உழுது மூட இன்னொரு டிராக்டரில் சட்டிக் கலப்பையும் தயார். காற்று மட்டும் கிழக்கே வீடுகள் பக்கம் அடிக்கக்கூடாது.

"தம்பி, ரேடியோவுல காத்தைப் பத்தி என்ன சொன்னான்?"

"மேக்குக் காத்தாம் அண்ணி, நாள் முழுக்க!" என்றான் கொழுந்தன்.

மேற்கே ஆளில்லாத புதர்க்காடு. நன்றாகப் போகட்டும். "அப்ப எடு வண்டியை!"

கொழுந்தன் டிராக்டரில் கரைசல் டேங்கரை இழுத்துக்கொண்டு, தொண்டை கிழியப் பாடியபடி கிளம்பினான். வயலில் கால்வாசி முடிந்திருக்கும். முகம் துடைக்க அவள் தலைத்துண்டை அவிழ்த்தாள். துண்டு கையிலிருந்து பிய்த்துக்கொண்டு நேராகக் கிழக்கே பறந்து, வாத்தியார் வீட்டு உயரமான செடிவேலியில் போய்ச் சிக்கியது.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மேற்குக் காற்று மேற்கே போகிற காற்றல்ல, மேற்கிலிருந்து வருகிற காற்று! அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் சேர்த்து இருந்தது ஒரே மூளை, அதுவும் அன்று விடுப்பில் இருந்தது.

"நிறுத்திடட்டுமா அண்ணி?"

"நிறுத்தினா போட்டது சும்மா இருக்குமா? நீ மெதுவா போட்டுக்கிட்டே போ, நான் பின்னாலேயே மூடிக்கிட்டு வர்றேன்!"

முதலில் போட்டிருந்ததை ஒரே மூச்சில் உழுது மூடினாள். பிறகு டேங்கரின் வாலைப் பிடித்தாற்போல் கலப்பையை ஓட்டினாள். கரைசல் மண்ணில் விழுந்து மூச்சுவிடுவதற்குள் மண்ணுக்குள் போனது. நாறுகிறதா இல்லையா என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. இருபது வருஷம் மாடுகளோடு கிடந்த மூக்கு அவளைக் கைவிட்டு நாளாகிவிட்டது.

எல்லாம் முடிந்து, துண்டை எடுக்க வேலியோரம் போனாள். வேலி இடுக்கில் பார்த்தால், அந்தப் பக்கம் வாத்தியார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் காகிதம், கையில் பேனா. இருபது மாடு போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, இன்னும் எவ்வளவு நேரம்தான் உழுவீங்க?" என்றார் எரிச்சலாக. "மேற்குக் காற்றுன்னு ரேடியோவுல கேட்டதுமே புகாரை எழுதி வச்சுட்டேன். நேரம் மட்டும்தான் பாக்கி. எத்தனை மணிக்குத் தெளிக்க ஆரம்பிப்பீங்க?"

அவள் வேலியிலிருந்து துண்டை உருவி எடுத்தாள்.

"ஐயா... தெளிச்சு முடிச்சாச்சு."

"எப்போ?"

"மூணு மணி நேரமா அதுதான் நடந்துச்சு."

வாத்தியார் எழுந்தார். வயல் பக்கம் திரும்பி ஆழமாக மூச்சை இழுத்தார். நம்பாமல் இன்னொரு முறை இழுத்தார்.

"மாட்டுக் கொட்டகை வாடை லேசா இருக்கு," என்றார் கடைசியில். "அது என்னைக்கும் உள்ளதுதான்."

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் வந்தது. நாற்பதும் இருக்கும், ஒன்றுகூடப் போகாது! துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வாத்தியார் காகிதத்தை வருத்தத்தோடு பார்த்தார். "நல்லா அமைஞ்ச புகார். வீணாப் போகுதே." பிறகு உட்கார்ந்து ஒரு சொல்லை அடித்துவிட்டு எதையோ எழுதி, வேலிக்கு மேலே நீட்டினார்.

"இது நகராட்சிக்கு இல்ல. உங்க கொழுந்தன்கிட்ட குடுங்க."

அவள் பிரித்துப் பார்த்தாள். 'தாங்க முடியாத' அப்படியே இருந்தது. 'நாற்றம்' அடிக்கப்பட்டு, அதன் மேல் மணிமணியான கையெழுத்தில் 'பாட்டு' என்று இருந்தது.