திருவிருந்துச் சாடி

ஒயினை ருசி பார்ப்பதுதான் வேலை என்று ஒருவன் பெண் கேட்டு வந்தால் எந்தத் தாய்தான் சட்டென்று சரி என்பாள்? தங்கத்தின் அப்பா குடித்துக் குடித்தே நாற்பத்தொரு வயதில் போய்ச் சேர்ந்தவர். அப்படி வளர்ந்தவள், புது ஆள் யார் வந்தாலும் முதலில் கண் சிவந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பாள்.

பையன் பெயர் ஜினோ. பெங்களூரில் பெரிய ஓட்டலில், சாப்பாட்டுக்கு எந்த ஒயின் சேரும் என்று சொல்லும் வேலை. அதே ஊரில் வேலை பார்க்கும் மகள் ஆன்மேரி, கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "ஊத்திக் குடுக்கிற பயலுக்கா நம்ம பிள்ளை?" என்று ஒரு மாதமாகக் குதித்தவர் தங்கத்தின் வீட்டுக்காரர் கிருபாகரன். மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். மூன்று வருடமாகப் பல்வலி. வாயில் எந்நேரமும் கிராம்பு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு திருநகர் வீட்டுக்கு ஜினோ வந்தான், தனியாக. கிருபாகரன் கிராம்பை மென்றபடி எதிரே உட்கார்ந்தார். கண் வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் காபியைக் கொடுத்தால் குடிக்காமல் மோந்து பார்த்தான். நல்லா இருக்கு லட்சணம் என்று தங்கம் மனசுக்குள் கறுவினாள்.

"தம்பி, சிவப்பு ஒயின்ல எம்புட்டு வகை இருக்கு?" என்று மெல்லத் தூண்டில் போட்டாள். குடிகாரன் என்றால் பேசும்போதே நாக்கு ஊறுமே.

"திராட்சையை வச்சுத்தான் வகை, அத்தை. காபர்நே பிரான்ஸ்ல போர்டோ பக்கத்துப் பழம். தடிச்ச தோலு, கடுந்தேத்தண்ணி மாதிரி துவர்க்கும். அது கூடவே மெர்லோன்னு ஒண்ணு, சாது. பினோ நுவார் குளிர் ஊர்லதான் தேறும். தோலு மெல்லிசு, ரசமும் வெளிறிப்போய்த்தான் இருக்கும். ஷிராஸ்ல மிளகு வாசம் வரும். ஆஸ்திரேலியாக்காரங்க அதைக் கனமா செய்வாங்க, நம்ம நாசிக்லயும் விளையுது. மால்பெக் அர்ஜென்டினாவுல மலையடிவாரத்துல, மை மாதிரி கறுப்பா வரும்."

வாத்தியார் பாடம் நடத்துவது போலச் சொன்னான். நாக்கு ஊறியதாகத் தெரியவில்லை. சரியான கள்ளன், அடக்கி வாசிக்கிறான் என்று அவளுக்குச் சந்தேகம் கூடத்தான் செய்தது.

கடைசி ஆயுதத்தை எடுத்தாள். சபையின் திருவிருந்துக்குப் பன்னிரண்டு வருடமாக அவள்தான் திராட்சரசம் போட்டுக் கொடுக்கிறாள். கம்பத்துப் பன்னீர் திராட்சையைக் கழுவி, ஈரம் போக வெயிலில் உலர்த்தி, சீனியும் கிராம்பும் போட்டுச் சாடியில் ஊற வைப்பாள். பொட்டுத் தண்ணீர் சேர்க்க மாட்டாள். ஸ்டோர் ரூமைப் பூட்டிச் சாவியை அரிசி டின்னில் வைப்பாள். வாரம் ஒருதரம் மரக்கரண்டிக் காம்பை விட்டு அளவு பார்ப்பாள். காம்பில் போட்ட கோட்டை விட்டு ரசம் இறங்கியதே இல்லை. வாயில் மட்டும் வைக்க மாட்டாள், அப்பாவின் ஞாபகம்.

அதிலிருந்து ஒரு டம்ளர் நிறைய மொண்டுவந்து ஜினோ முன்னால் வைத்தாள். ஒரே மடக்கில் கவிழ்த்தால் சம்பந்தம் இன்றோடு முடிந்தது.

ஜினோ இன்னொரு காலி டம்ளர் கேட்டான். ரசத்தைச் சுழற்றினான், மோந்தான், ஒரு வாய் வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துக் காலி டம்ளரில் துப்பினான். "எங்க வேலையே இதுதான் அத்தை. முழுங்கினா பொழுது சாயுறதுக்குள்ள நாக்கு செத்துப்போகும்."

"எப்படி இருக்கு?"

"வாசம் அருமை. பன்னீர் திராட்சை, கிராம்பு." அதோடு நிறுத்திவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தான்.

"உள்ளதைச் சொல்லுங்க தம்பி. நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்."

"தண்ணி கலந்திருக்கு அத்தை. அதுவும் போர் தண்ணி. உப்பு தெரியுது."

தங்கத்துக்குக் கோபம் சுள்ளென்று ஏறியது. டம்ளரைப் பிடுங்கிப் பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு மிடறு குடித்தாள். பின்கட்டு போர் குழாய்த் தண்ணீரின் அதே உப்பு நாக்கில் நின்றது. ஆன்மேரி பெங்களூர் போய் நாலு வருடம் ஆகிறது. வீட்டில் இருப்பது அவளும் அவரும்தான். ரசம் கோட்டை விட்டு இறங்காமல் இருந்த மர்மம் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

கிருபாகரன் டீப்பாயைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் துடைக்க ஒன்றுமே இல்லை.

"ஏங்க, உங்களுக்கு எந்தப் பல்லு வலிக்குது?"

அவர் வலது கன்னத்தைத் தொட்டார். பிறகு இடது கன்னத்தைத் தொட்டார். வாயிலிருந்த கிராம்பு கடக்கென்று நொறுங்கியது.

தங்கம் அழுதாள். வாசலில் வந்து நின்றவன் கண்ணையெல்லாம் சோதித்தவள், பக்கத்தில் படுத்தவர் வாயை ஒருநாளும் மோந்து பார்க்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அவர் கையில் இருந்த துண்டைப் பிடுங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜினோவின் பக்கம் திரும்பினாள்.

"மாப்ள, இருந்து சாப்பிட்டுத்தான் போகணும். இவர்கிட்ட நான் பிறகு பேசிக்கிறேன்."