வெளிறிய முதுகு

நடுவர் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தியபோது பெரியவளுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். அவரவர் சொந்தக் கட்டோடு வந்து ஆடுகிற கார்டுப் போட்டியில் அரையிறுதி. தங்கை குட்டி மூன்று ஆட்டத்தில் ஒன்றை ஜெயித்து, இரண்டாவதையும் ஜெயிக்கிற கட்டத்தில் இருக்கிறாள். ஜெயித்தால் வெளிநாட்டுப் போட்டிக்குப் போகலாம். இந்த நேரம் பார்த்தா எதிரே உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரனுக்கு மூக்கில் வியர்க்க வேண்டும்? இந்தப் பெண்ணுக்கு அடுத்து என்ன கார்டு வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிகிறது, அவள் கார்டுக் கட்டைப் பாருங்கள் என்று புகார் சொல்லிவிட்டான்.

நடுவர் குட்டியின் கட்டை மேசைமேல் கவிழ்த்துப் பரப்பினார். அப்போதுதான் எல்லார் கண்ணிலும் பட்டது. மற்ற கார்டுகளின் முதுகு கருநீலம். நடுநடுவே நாலு மட்டும் வெயிலில் கிடந்த துணி மாதிரி வெளிறியிருந்தன. திருப்பிப் பார்த்தால் நாலும் தமிழ்க் கார்டு. மிச்சமெல்லாம் இங்கிலீஷ்.

அடையாளம் வைத்த கட்டு என்றார் நடுவர். அதற்குத் தண்டனை இந்த ஆட்டத்தோடு முடியாது. ஒரு வருஷம் எந்தப் போட்டியிலும் உட்கார விடமாட்டார்கள், பெயரையும் வாசலில் எழுதி ஒட்டுவார்கள். குட்டியின் முகத்தில் ஈயாடவில்லை. ஏமாற்றுக்காரியாம்! யார்? வீட்டில் ஆடும்போது எதிராளி கார்டு தெரிந்துவிட்டால், "ஒழுங்கா மறைச்சுப் பிடி, எனக்குத் தெரியுது" என்று சண்டை போடுகிற பெண்.

பெரியவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. அந்த நாலு கார்டிலும் இருந்தது அவள் எழுத்து. இந்த ஆட்டத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்ததே அவள்தான். கம்பெனி கொடுத்த வேலை. ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வரியையும் சமையலறை மேடைமேல் கார்டை வைத்து, குட்டியை எதிரே நிறுத்தி, வாய்விட்டுச் சொல்லி ஆடிப் பார்த்துத்தான் அனுப்பினாள். விதிப் புத்தகமும் அவள் கைவேலைதான். எந்த மொழிக் கார்டையும் எந்தக் கட்டிலும் சேர்க்கலாம் என்று அதில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. வீட்டில் எப்போதும் கறுப்பு உறை போட்டே ஆடியதால் முதுகை யாரும் கவனித்ததில்லை, இங்கே அதற்கும் வழியில்லை. கம்பெனி முத்திரை போட்ட கண்ணாடி உறைதான் போட வேண்டும் என்று வாசலிலேயே கையில் திணித்துவிட்டார்கள்.

அந்தக் கம்பெனியின் மேனேஜர் விளம்பரப் பலகைக்குக் கீழே நின்று போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். பெரியவள் அவரைத் தண்ணீர்க் குடுவை வைத்திருந்த மூலைக்குத் தள்ளிக்கொண்டு போகாத குறைதான். அச்சகத்தில் சொதப்பிவிட்டார்களா என்று கேட்டாள்.

மேனேஜர் பதறவே இல்லை. சொதப்பல் இல்லையாம், வேண்டுமென்றேதான் செய்ததாம். தமிழ்ப் பாக்கெட்டுக்கு விலை குறைவு. வியாபாரிகள் அள்ளிக்கொண்டு போய் வேறு ஊர்களில் விற்றுவிடக் கூடாது என்று, பார்த்ததும் தெரிகிற மாதிரி முதுகை வெளிற அடிக்கச் சொன்னது தலைமை அலுவலகம்.

"அப்ப இதை வெச்சு எப்படி ஆடறது?"

"ஆடுவாங்கன்னே நாங்க நினைக்கலையே. தமிழ்ல வாங்கறவங்க ஆசைக்கு வாங்கி ஆல்பத்துல சொருகி வெச்சுப்பாங்க, அவ்ளோதான்."

ஆல்பத்தில் சொருகவா? அதற்கா ஒரு வருஷம் அவள் தூக்கத்தைத் தொலைத்தாள்? ஆடுகிறவனுக்குச் சந்தேகம் வரக் கூடாது என்று ஒரே வரியை எத்தனை தடவை அடித்து அடித்து எழுதினாள்! இதை நடுவரிடம் வந்து சொல்லுங்கள் என்றாள். மேனேஜர் மென்று முழுங்கினார். உள்விஷயம், வெளியே சொல்லக் கூடாது என்று நீங்களும்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், அடுத்த செட் கார்டை எழுதும் வேலையும் உங்களுக்குத்தான் வருகிறது, கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். சின்னப் பெண்தானே, ஒரு வருஷம் ஓடியே போய்விடும் என்று சமாதானம் வேறு.

"அடுத்த செட்ல எல்லாக் கார்டுலயும் 'தொடாதே, பாக்க மட்டும்'னு எழுதித் தந்துடட்டுமா?" என்றாள். அவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மேசைக்குத் திரும்பினாள். நடுவர் கெட்டவர் இல்லை. இது அச்சிட்டவர்கள் செய்த வேலை என்று கம்பெனி ஆள் யாராவது ஒப்புக்கொண்டால் ஏமாற்று என்று எழுதமாட்டேன், நாலு கார்டையும் மாற்றிவிட்டு, நடந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, அடுத்ததை ஆடலாம் என்றார். யாரும் சொல்லாவிட்டால் அவர் கையில் ஒன்றும் இல்லை. பெரியவள் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தாள். மனுஷன் கூரையில் விளக்கு எண்ணிக்கொண்டிருந்தார்.

குட்டி அழவில்லை. தலையைத் தூக்காமலே சொன்னாள்: "இங்கிலீஷ்லயும் இதே நாலும் என்கிட்ட இருக்குக்கா. நீ எழுதினதுன்னுதான் இதை வெச்சேன்."

அவ்வளவுதான். பெரியவள் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைக் கழற்றி மேசைமேல் போட்டாள்.

"நான் கம்பெனி ஆளு. தமிழ்க் கார்டு முழுக்க என் வேலை. முதுகை வேணும்னே வெளிற அடிச்சிருக்காங்க. இது ஆடறதுக்கு இல்லையாம், அலமாரில வெச்சு அழகு பாக்கவாம். இவ ஏமாத்தல. ஏமாத்தினது நாங்க."

மெதுவாகச் சொல்லவேண்டும் என்றுதான் ஆரம்பித்தாள். கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது. பக்கத்து மேசைகளில் ஆட்டத்தை விட்டுவிட்டு அவரவர் கட்டைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு பெண் கம்பெனியைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். ஓடிவந்த மேனேஜர், இனிமேல் எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்றார். இவ்வளவு நேரம் போட்டிருந்த "நீங்க" எங்கே போனதோ. நடுவர் அட்டையில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, எழுதிய தண்டனையை அடித்தார்.

குட்டி பையிலிருந்து நாலு இங்கிலீஷ் கார்டை எடுத்துக் கட்டில் சொருகினாள். தமிழ்க் கார்டு நாலையும் அக்கா கையில் கொடுத்தாள். கட்டு முழுக்க இப்போது ஒரே கருநீலம், உள்ளே பெரியவள் எழுதியது ஒரு வரிகூட இல்லை. வேலை போனதைவிட அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. கையிலிருந்த நாலையும் கிழித்துப் போடலாமா என்றுகூடத் தோன்றியது.

கடைசி ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. குட்டியின் கையில் மாற்றி வைத்த கார்டில் ஒன்று வந்தது. மேசையில் வைத்தாள். வைக்கிற கார்டு என்ன செய்யும் என்று எதிராளிக்குக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும், அது விதி. கார்டில் இருந்த இங்கிலீஷை அவள் பார்க்கவே இல்லை. சமையலறையில் சொல்லிப் பழகிய அக்காவின் தமிழ் வரியை, ஒரு எழுத்து மாறாமல், மேனேஜர் நின்ற பக்கம் பார்த்துச் சொன்னாள்:

"எதிராளி கையிலிருந்து ஒன்றை உருவு. அது அவனுக்கு இனி இல்லை."

கண்ணாடிக்காரன் வேறு வழியில்லாமல் தன் கார்டுகளை விரித்து நீட்டினான். குட்டி ஒன்றை உருவினாள்.